பெருங்காற்று இரவும் ஐந்து ஷில்லிங் பென்ஷனும்: அயர்லாந்தில் மூதாதையரைத் தேடுவது

1909ஆம் ஆண்டு பிறந்தபோது அயர்லாந்தின் வயதானவர்களிடம் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கப்பட்டது. "பெருங்காற்று அடித்த ராத்திரி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?" 1839 ஜனவரி 6 இரவு அந்தத் தீவையே உலுக்கிய புயலைத்தான் அப்படிச் சொல்வார்கள். கூரைகள் பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். எழுபது வருடம் கழித்து அந்த ஞாபகத்துக்குத் திடீரென்று ஒரு மதிப்பு வந்தது. 1908இல் பிரிட்டிஷ் அரசு முதியோர் பென்ஷன் சட்டம் கொண்டுவந்தது. எழுபது வயது ஆன ஏழைகளுக்கு 1909 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 5 ஷில்லிங் வரை கிடைக்கும். ஆனால் எழுபது வயது ஆகிவிட்டது என்று எப்படிக் காட்டுவது? கையில் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அயர்லாந்தில் எல்லா மக்களின் பிறப்பையும் அரசு பதியத் தொடங்கியதே 1864 ஜனவரி 1இல்தான். அதனால் பெருங்காற்றை நினைவில் வைத்திருப்பவர் எழுபதைத் தொட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அயர்லாந்துக் குடும்ப வரலாற்றைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் இருக்கும் எந்த வரியும் பிற்காலப் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் என்று எழுதப்பட்டதல்ல. யாரோ ஒரு காரணத்துக்காகக் கேட்டார், எதிரே இருந்தவர் தனக்குத் தெரிந்ததையோ தனக்குத் தோதானதையோ சொன்னார். கேட்டது யார், சொன்னது யார், சொன்னவருக்கு அதில் என்ன லாபம், என்ன பயம்? இதை யோசித்துக்கொண்டே படித்தால் ஒன்றுக்கொன்று முரண்படும் காகிதங்கள்கூட ஒரே குடும்பத்தைத்தான் காட்டுகின்றன என்பது புரியும்.

சரி, முதலில் அந்தத் தீ. "அயர்லாந்து ஆவணமெல்லாம் 1922இல் எரிந்துபோச்சே" என்று சொல்லித் தேடலையே கைவிட்டவர்கள் ஏராளம். அது பாதி உண்மைதான். விடுதலைப் போரை முடித்துவைக்கப் பிரிட்டனுடன் செய்த ஒப்பந்தத்தை ஏற்காத குடியரசுப் படையினர் 1922 ஏப்ரலில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தைப் பிடித்தார்கள். ஜூன் 28 அன்று புதிய தற்காலிக அரசின் படை பீரங்கியால் அதைத் தாக்கத் தொடங்கியது. ஜூன் 30 அன்று பெரிய வெடிப்பு. வளாகத்துக்குள்ளேயே இருந்த பொது ஆவணக் காப்பகத்தின் கருவூலம் தீப்பிடித்து அழிந்தது. கருகிய காகிதத் துண்டுகள் நகரத்தின் மேல் மிதந்து இறங்கின. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி, அயர்லாந்துத் திருச்சபை எனப்படும் ஆங்கிலிக்கன் சபையின் பாதிக்கும் மேற்பட்ட பங்குப் பதிவேடுகள் (பங்கு என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம்), அங்கே இருந்த உயில்களில் கிட்டத்தட்ட எல்லாம் அதோடு போயின.

அடுத்த நான்கு கணக்கெடுப்புகளுக்கு நடந்தது இதைவிட எனக்கு மனவேதனை தருகிறது. 1861, 1871 படிவங்களை, புள்ளிவிவரம் எடுத்து முடிந்ததும் அரசு உத்தரவின்படியே அழித்துவிட்டார்கள். 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாக்கப்பட்டன. அவற்றை எந்தப் பீரங்கியும் தொடவில்லை. 'தலைகளை எண்ணியாகிவிட்டது, இனி இந்தப் பெயர்கள் எதற்கு' என்று ஓர் அலுவலகம் நினைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

எரியாமல் மிஞ்சியதும் நிறைய. அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான ஏடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்தன. 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்கள் இன்னும் காப்பகத்துக்கு அனுப்பப்படாமல் இருந்ததால் முழுமையாகப் பிழைத்தன. 1921இல் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்ததால் கணக்கெடுப்பே எடுக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18 அன்று, புதிதாகப் பிறந்த சுதந்திர அரசின் 26 கவுண்டிகளில் (நம் மாவட்டங்கள் மாதிரி) எடுக்கப்பட்டது. அன்றைய மக்கள்தொகை 29,71,992. அந்தப் படிவங்களை நூறு ஆண்டு மூடி வைக்க வேண்டும் என்பது சட்டம். 2026 ஏப்ரல் 18 அன்று அந்த நூறு ஆண்டு நிறைகிறது.

ஆக இன்று தேடலுக்கு அச்சாணி 1901, 1911 படிவங்கள்தான். இரண்டையும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு போய்ப் படிவம் கொடுத்து வாங்கி வந்தவர்கள் போலீஸ்காரர்கள். வீட்டுத் தலைவர் பெயர், மற்றவர்கள் அவருக்கு என்ன உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த கவுண்டி, ஐரிஷ் மொழி பேசுவாரா என்றெல்லாம் கேட்டார்கள். எழுதத் தெரியாதவர் அடியில் ஒரு பெருக்கல் குறி போட, சாட்சியாக இன்னொருவர் கையெழுத்திட்டிருப்பார். தமிழில் தற்குறி என்ற சொல்லுக்கு முதல் பொருளே இதுதான், கையெழுத்துக்குப் பதிலாகத் தானே போடும் குறி. வசவாக மாறியது பிற்பாடு.

வீட்டுப் படிவத்தோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதோடு சேர்ந்த இன்னொரு படிவத்தையும் திறந்து பாருங்கள், கட்டடங்களைப் பற்றியது. சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்று போலீஸ்காரர் தன் கண்ணால் பார்த்து எழுதியது. மாட்டுக்கொட்டில், பன்றிக்கொட்டில், கோழிக்கூடுகூட அடுத்த தாளில் எண்ணப்பட்டிருக்கும். டப்ளினில் ஹென்ரியட்டா தெரு என்று ஒன்று இருக்கிறது. பிரபுக்களுக்காகக் கட்டிய மாளிகைகள் பிறகு அறை அறையாக வாடகைக்கு விடப்பட்ட தெரு. 1911இல் அங்கே 15 வீடுகளில் 835 பேர் குடியிருந்தார்கள். 14ஆம் எண் வீட்டில் மட்டும் 17 குடும்பங்கள், 100 பேர். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தத் தெருவில் இருந்திருந்தால், அவர் பெயர் இருக்கும் தாளைவிட, அந்த ஒரே வீட்டின் பதினேழு தாள்களை அடுத்தடுத்துப் புரட்டுவதுதான் அவர் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்லும்.

1911 படிவத்தில் புதிதாகச் சேர்ந்த மூன்று கட்டங்கள் இருக்கின்றன. கல்யாணமான பெண்களிடம், மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். 'பதினொன்று, ஆறு' என்று அடுத்தடுத்து இரண்டு எண்கள் இருந்தால், நடுவே ஐந்து குழந்தைகளைப் புதைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தேடுபவருக்கு அது துப்பும்கூட. வீட்டுப் படிவத்தில் நான்கு பிள்ளைகள் பெயர்தான் இருக்கிறதென்றால், மீதி இருவர் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள், பெரும்பாலும் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ. இறந்த ஐந்து பேரின் பெயர்களை அரசின் பிறப்பு, இறப்பு ஏடுகளில் தேடி எடுக்கலாம்.

வயதை மட்டும் நம்பக் கூடாது. ஒரே குடும்பத்தின் 1901, 1911 படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1901இல் 56 வயது என்று சொன்னவர் 1911இல் 71 என்று சொல்லியிருப்பார். பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடியிருக்கிறது. இதைப் பார்த்து 'இது வேறு ஆள்' என்று ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. நடுவில் 1909 வந்துபோனதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பென்ஷனுக்காகக் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பிறந்த நாளைக் கொண்டாடாத, எங்கும் எழுதி வைக்காத தலைமுறை அது. 1901இல் சொன்னதுதான் குத்துமதிப்பு, 1911இல் சொன்னதுதான் யோசித்துச் சொன்னது என்பதற்கும் வாய்ப்பு உண்டு.

அப்புறம் அரசுப் பதிவேடுகள். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் 1845 ஏப்ரல் முதலும், பிறப்பு, இறப்பு, எல்லா மதத்தாரின் திருமணங்களும் 1864 முதலும் பதிவாகின. நூறு ஆண்டு தாண்டிய பிறப்புகள், எழுபத்தைந்து ஆண்டு தாண்டிய திருமணங்கள், ஐம்பது ஆண்டு தாண்டிய இறப்புகள் ஆகியவற்றின் ஏட்டுப் பக்கங்களை அயர்லாந்து அரசின் 'ஐரிஷ் ஜீனியாலஜி' தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பிரிட்டனோடு தங்கிவிட்ட வட அயர்லாந்தின் 1922க்குப் பிந்திய பதிவுகளுக்கு பெல்ஃபாஸ்ட் அலுவலகத்தின் தளத்துக்குப் போக வேண்டும், அங்கே பக்கத்துக்குக் கட்டணம்.

மூன்றிலும் எதை முதலில் தேடுவது என்று கேட்டால், திருமணம் என்பேன். மணமகன், மணமகள் இருவரின் அப்பா பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ஒரே தாளில் ஒரு தலைமுறை பின்னால் போய்விடலாம். வயதுக் கட்டத்தில் பெரும்பாலும் எண் இருக்காது, 'நிறை வயது' என்றுதான் இருக்கும். இருபத்தொன்று தாண்டியவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. கல்யாணம் வழக்கமாகப் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்கும், ஆகவே பையன் ஊரில் தேடிக் கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும், அது தங்கம். ஆனால் தாமதமாகப் பதிந்தால் அபராதம் உண்டு என்பதால் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். ஞானஸ்நானம் மார்ச் 3, பிறப்பு மார்ச் 20 என்று இரண்டு ஏடுகள் சொன்னால் கோயில் ஏட்டைத்தான் நம்ப வேண்டும். பாதிரியாருக்குக் கொடுத்த தேதியால் யாருக்கும் அபராதம் வராது. தொடக்க ஆண்டுகளில் பதியாமலே விட்டவர்களும் கணிசம். இறப்புப் பதிவுதான் ஏமாற்றும். இறந்தவரின் பெற்றோர் பெயரும் அதில் இல்லை, பிறந்த ஊரும் இல்லை. தகவல் சொன்னவர் யார் என்ற கட்டத்தைப் பாருங்கள். மகளோ மருமகனோ அங்கே நின்றுகொண்டிருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் குடும்பப் பெயர் என்ன ஆயிற்று என்று பல வருடம் தேடிய விடை அந்தக் கட்டத்தில் கிடைக்கும்.

இந்தப் பதிவு மாவட்டங்கள் கவுண்டி எல்லையை மதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏழைகள் விடுதிகளை நடத்துவதற்காகப் பிரித்த யூனியன்களையே பதிவுக்கும் எடுத்துக்கொண்டார்கள். சந்தை ஊர் ஒன்று நடுவே, சுற்றிலும் கிராமங்கள். நியூ ராஸ் யூனியன் வெக்ஸ்ஃபர்டிலும் இருக்கிறது, கில்கென்னியிலும் இருக்கிறது. கில்கென்னிக் குடும்பத்தைக் கில்கென்னி என்ற பெயருக்குக் கீழே மட்டும் தேடினால் ஆள் சிக்கமாட்டார்.

இங்கேதான் இந்தத் தேடலின் மையம் இருக்கிறது. அயர்லாந்தில் ஆளைவிட முக்கியம் இடம். அதிலும் டவுன்லாண்ட் என்ற மிகச் சிறிய நிலப்பகுதி. பெயரில் டவுன் இருந்தாலும் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில ஏக்கர் முதல் சில ஆயிரம் ஏக்கர் வரை, சொந்தப் பெயரோடு நாடு முழுக்க 60,000க்கும் மேலே இருக்கின்றன. மேரி சல்லிவன் என்ற பெயரோடு கார்க் கவுண்டியில் எத்தனை பேர் என்று எண்ணி மாளாது. அவள் டவுன்லாண்ட் தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று பேராகச் சுருங்கிவிடும். அதனால் தேடலை அயர்லாந்தில் ஆரம்பிக்காதீர்கள். போய்க் குடியேறிய நாட்டில் ஆரம்பியுங்கள். பாஸ்டன் கல்லறைக் கல், செய்தித்தாளில் வந்த மரண அறிவிப்பு, அங்கே நடந்த திருமணத்தின் கோயில் ஏடு, பழைய கடித உறையின் முகவரி, ஏதோ ஒன்றில் அந்த ஊர்ப் பெயர் இருக்கும். உச்சரிப்பைக் கேட்டு எழுதியிருப்பார்கள், எழுத்து சிதைந்திருக்கும், ஆனாலும் அதுதான் சாவி. 1901, 1911 தளத்தில் பெயரைப் போட்டுத் தேடி வராவிட்டாலும், டவுன்லாண்டைத் திறந்து வீடு வீடாகப் படிக்கலாம். கணினியில் ஏற்றியவர் தப்பாகப் படித்த பெயர்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

குடும்பப் பெயர்களும் நிலையாக நிற்பதில்லை. ஆங்கில ஆட்சியில் பலர் பெயருக்கு முன்னிருந்த 'ஓ', 'மக்' இரண்டையும் விட்டுவிட்டார்கள். பிறகு தேசிய உணர்வு எழுந்தபோது பேரப்பிள்ளைகள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 1901இல் சல்லிவன், 1911இல் ஓ’சல்லிவன், அதே வீடு. 1911இல் முழுப் படிவத்தையும் ஐரிஷ் மொழியிலேயே நிரப்பிக் கொடுத்தவர்களும் உண்டு, பிற்பாடு 1916 எழுச்சிக்குத் தலைமை தாங்கிய பேட்ரிக் பியர்ஸ் அவர்களில் ஒருவர். பெண் பெயர்கள் இன்னும் வழுக்கும். பிரிட்ஜெட் என்பவள் வீட்டில் பிடி, அமெரிக்காவில் டீலியா. ஹனோரா என்பவள் நோரா. கைகொடுக்கும் ஒரு வழக்கமும் இருக்கிறது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர் வைப்பார்கள். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டாயமான விதி இல்லை என்றாலும், மூத்தவன் பெயர் திமோத்தி என்றால், தாத்தாவைத் திமோத்தி என்ற பெயரில் முதலில் தேடிப் பார்ப்பது நல்லது.

1864க்கு முன்னே போக கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான ஏடுகள்தான் வழி. தேசிய நூலகம் பெரும்பாலும் 1880 வரையிலான இந்த ஏடுகளின் நுண்படங்களை 2015 ஜூலையில் இணையத்தில் ஏற்றியது. பார்க்கக் காசில்லை. பெயர்கள் பல இடங்களில் லத்தீனில் இருக்கும். குலியெல்முஸ் என்றால் வில்லியம், யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ். ஜேம்ஸைத்தான் யாகப்பர் என்கிறோம் என்று தெரிந்த தமிழ்க் கத்தோலிக்கருக்கு இது லகுவாகப் பிடிபடும். ஞானப்பெற்றோர் பெயரை விட்டுவிடாதீர்கள், அவர்கள் பெரும்பாலும் அத்தையும் மாமாவுமாக இருப்பார்கள்.

கோயில் ஏடு கிடைக்காத இடத்தில் நிலம் பேசும். ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை நடந்த நில மதிப்பீடு, வரி போடுவதற்காகக் குடியிருப்பவர் யார், யாரிடம் குத்தகை, எவ்வளவு நிலம், என்ன மதிப்பு என்று டவுன்லாண்ட் வாரியாக அச்சிட்டது. ஒரே டவுன்லாண்டில் இரண்டு ஜான் மர்ஃபி இருந்தால் அப்பா பெயரைப் பக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். அதன் பிறகு ஆள் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயரை வேறு நிற மையில் எழுதினார்கள். ஒரு பெயர் அடிபட்ட வருடம் சாவு விழுந்த வருடமாகவோ கப்பலேறிய வருடமாகவோ இருக்கலாம். கிரிஃபித்துக்கும் முன்னால் 1823க்கும் 1837க்கும் நடுவே எழுதிய தசமபாக ஏடுகள் இருக்கின்றன. ஆங்கிலிக்கன் சபைக்குக் கத்தோலிக்க விவசாயியும் கட்ட வேண்டியிருந்த வரி அது. இரண்டிலும் மனைவி மக்கள் பெயர் கிடையாது, குடும்பத் தலைவர் மட்டும்தான்.

ஏடு எங்கே இருந்தது என்பதே சில சமயம் எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். முன்னாள் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் தாய்வழி மூதாதையர் ஃபால்மத் கர்னி, செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன், 1850இல் அயர்லாந்தை விட்டுப் போனவர். ஆஃபலி கவுண்டியின் மனிகால் ஊரோடு அவரை இணைத்தது அந்தப் பகுதி ஆங்கிலிக்கன் குருவின் பொறுப்பில் இருந்த பதிவேடு. அது ஊரிலேயே இருந்ததால் 1922 தீக்குத் தப்பியது. பெயர் ஃபால்மத் என்று அபூர்வமாக இருந்ததும் உதவியது. பேட்ரிக் என்று இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. 2011 மே 23 அன்று ஒபாமா மனிகாலுக்கே போய் வந்தார்.

நமக்குத் தெரிந்த இருவரை வைத்தும் இந்தக் கால எல்லைகளைப் பார்க்கலாம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814இல் ஆன்ட்ரிம் கவுண்டியில் பிறந்தார். அரசுப் பதிவு தொடங்க இன்னும் ஐம்பது ஆண்டு இருந்தது, சபை ஏட்டைத் தவிர வேறு வழியில்லை. டோனாவூரில் வாழ்ந்து மறைந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பரில் டவுன் என்ற பெயருள்ள கவுண்டியின் மில்லிஐல் ஊரில் பிறந்தார். அரசு ஏட்டிலேயே தேட வேண்டிய காலம் அது.

இதற்கெல்லாம் நடுவே ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது. 1841இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமானது. உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அப்போது இறப்புப் பதிவு என்பதே இல்லை. 1851 கணக்கெடுப்புப் படிவத்தில், கடந்த பத்து ஆண்டில் இந்த வீட்டில் இறந்தவர்கள் யார் என்று எழுத ஓர் அட்டவணை இருந்தது. பஞ்சத்தில் போனவர்களின் பெயர்கள் வீடு வீடாக அதில் இருந்தன. அதுவும் எரிந்ததில் சேர்ந்துவிட்டது.

ஒரு கீற்று மட்டும் மிஞ்சியிருக்கிறது, அது பென்ஷன் தந்தது. பெருங்காற்று ஞாபகம் போதாதவர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. 'நான் குழந்தையாக இருந்தபோது இந்த டவுன்லாண்டில் இருந்தோம், அப்பா பெயர் இது, அம்மா பெயர் இது' என்று எழுதிக் கொடுத்தால், டப்ளின் காப்பகத்தில் 1841, 1851 படிவங்களைத் திறந்து பார்த்து, கிடைத்தால் அன்றைய வயதைக் குறித்து அனுப்புவார்கள். பல சீட்டுகளில் 'கிடைக்கவில்லை' என்றுதான் இருக்கிறது. கிடைத்தவற்றில் சிலவற்றில் வீட்டில் இருந்த எல்லோர் பெயரையும் வயதையும் அலுவலர் எடுத்து எழுதியிருக்கிறார். மூலப் படிவம் சாம்பலாகிவிட்டது. ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு பாட்டி கேட்ட அந்தச் சீட்டு டப்ளினிலோ பெல்ஃபாஸ்டிலோ இன்னும் இருக்கிறது, இணையத்திலும் தேடலாம். தேடும்போது பாட்டியின் புகுந்த வீட்டுப் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அவளுடைய அப்பா பெயரையும் அம்மா பெயரையும் போட்டுப் பாருங்கள். 1851இல் அவள் அந்த வீட்டின் சின்னப் பெண்.